கேப்டன் மாசிலாமணியின் கை

ஏப்ரல் 29

என்ஜின் அறை லாக் புத்தகத்தில் எழுத இனி ஒன்றும் இல்லை. மெயின் என்ஜின் நின்று ஆறு வாரம் ஆகிறது. மிச்சமிருக்கும் தாள்களில் சொந்தமாக ஏதாவது எழுதிக்கொள்ளலாமா என்று கேப்டனிடம் கேட்டேன். "எழுதுய்யா. யாரு படிக்கப் போறா?" என்றார்.

முதலில் நிலவரம். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரையிலிருந்து ஏழு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிறோம். சிமெண்ட் ஏற்றிவந்த பழைய கப்பல். சரக்கு இறங்கியதும் முதலாளி கைகழுவிவிட்டார் போலிருக்கிறது. கப்பலை ஆளில்லாமல் விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். பாஸ்போர்ட்டெல்லாம் ஏஜெண்டிடம். சீஃப் எஞ்சினியர் உட்பட ஆறு பேரை முதல் வாரமே அனுப்பிவிட்டார்கள். மீதி எட்டுப் பேர்.

கேப்டன் மாசிலாமணி நாகப்பட்டினத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். பண்டாரி இபுராகிம் பாய்க்குக் கீழக்கரை. எங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். ஜோமார் என் கீழே வேலை செய்யும் ஆயில்மேன், பிலிப்பைன்ஸ்காரன், அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். பர்மாக்காரர்கள் நான்கு பேர். பிறகு நான், தூத்துக்குடி ரெமிஜியுஸ், செகண்ட் எஞ்சினியர். டீசல் மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டுகிறேன்.

மே 4, ஞாயிறு

ஜெபமாலை சொல்லி முடித்தபோது ஜோமார் ஒரு சீட்டுக்கட்டோடு வந்தான். போக்கர் கற்றுக்கொடுக்கிறானாம். நம் ஊர் ரம்மி மாதிரி இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கிறார்கள். இரண்டையும் ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் யாருடையது பெரிய கை என்பதுதான் ஆட்டம்.

ஆனால் சீட்டு பாதிதான் என்கிறான் ஜோமார். ஏற்றிக் கட்டுகிறவனிடம் உண்மையிலேயே கை இருக்கிறதா, சும்மா மிரட்டுகிறானா என்று எதிரே இருப்பவன் முடிவு செய்ய வேண்டும். மிரட்டினால் பிளஃப். 'காட்டு பார்ப்போம்' என்று சமமாகக் கட்டினால் கால். வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டால் ஃபோல்ட். கவிழ்த்தவனுக்கு எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

காசுக்குப் பதிலாக ஸ்டோரிலிருந்து ஒரு டப்பா வாஷர் எடுத்துவந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். ஜெயிக்கிறவனுக்கு அன்று, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் நிழலில் காற்று வரும் கட்டில். இபுராகிம் பாயையும் கூப்பிட்டோம். "நமக்கு இது ஆகாது தம்பி, நீங்க ஆடுங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினார். கல் அதிகம், பருப்பு குறைவு.

மே 9, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் கேப்டன் சாட்டிலைட் போனில் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து மெஸ்ஸில் எங்களுக்குச் சொல்கிறார். இன்றைய செய்தி: பத்து நாளில் டீசலும் தண்ணீரும் படகில் வரும். கப்பலை வாங்க ஒரு கிரேக்கன் பேசிக்கொண்டிருக்கிறான். "கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா. நல்லபடியா முடியும்." பர்மாக்காரர்கள் தலையாட்டினார்கள். ஜோமார் மட்டும், கரை தெரிகிற தூரம்தானே, நீந்தினால் என்ன என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கேப்டன் சிரிக்கவில்லை.

மே 13

கட்டில் எனக்குக் கிடைத்தது. மூன்றாவது நாளாக.

கேப்டனின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நல்ல சீட்டு வந்தால் மனிதர் முனகுவார். "என்னய்யா இது, வெயில்ல உக்காந்து இந்தக் குப்பையைத்தான் பாக்கணுமா" என்பார். கையில் ஒன்றும் இல்லாமல் ஏற்றிக் கட்டும்போது குரல் மெத்தென்று ஆகிவிடும். டீ வேண்டுமா என்று கேட்பார். வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கட்டில் முக்கியம்.

மே 16, வெள்ளி

காலையில் பிரிட்ஜுக்குப் பேட்டரி பார்க்கப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கேப்டன் சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலாளியோடு சண்டை. நடுவே ஒருமுறை சிரித்தார். முடிக்கட்டும் என்று வெளியே நின்றேன். போனுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி நான் நின்ற சுவரில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரியவில்லை. பழக்கதோஷம், மூடியைத் திறந்தேன். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி. தூசி படிந்திருந்தது. எடுத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

கேப்டன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "சரி, சரி, செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கொஞ்சம் இடைவெளி விட்டு, நன்றி சொன்னார்.

பேட்டரியைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

பதினோரு மணிக்கு மெஸ்ஸில் அறிவிப்பு. செவ்வாய்க்குள் டீசல். அந்த மெத்தென்ற குரல். இபுராகிம் பாயிடம், "பாய், எல்லாருக்கும் டீ போடுங்களேன்" என்றார்.

நாலு மணிக்கு ஆட்டம். எனக்கு ராஜாவும் ஜாக்கியும். நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்: ராஜா, எட்டு, எட்டு, மூன்று, இரண்டு. இரண்டு ராஜா, இரண்டு எட்டு என்று என் கை பலமாகவே இருந்தது. ஜோமாரும் பர்மாக்காரர்களும் கவிழ்த்துவிட்டார்கள். கேப்டன் தன் வாஷர் அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

அவரிடம் ஓர் எட்டு இருந்தால் மூன்று எட்டாகிவிடும், நான் தோற்பேன். இருந்தால் முனகியிருப்பார். முனகவில்லை. "ரெமி, டீ குடிக்கிறியாப்பா?" என்று கேட்டார்.

அவரிடம் ஒன்றும் இல்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. கால் சொன்னால் அவர் இரண்டு சீட்டையும் எல்லோர் முன்னாலும் மல்லாத்த வேண்டும். காலையில் அதே குரலில் டீசல் வருகிறது என்று சொன்ன மனிதர். ஜோமார் முட்டாள் இல்லை. சீட்டைப் பார்ப்பான், கேப்டன் முகத்தைப் பார்ப்பான், டீயை நினைப்பான். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆகும்?

ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு கவிழ்த்தேன்.

ஜோமார் என் சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். "ராஜாவை வைத்துக்கொண்டா? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான். கேப்டன் தன் சீட்டைக் கட்டுக்குள் செருகிவிட்டு என்னைப் பார்த்தார். வாஷர்களை அள்ளிக்கொள்ள மறந்துவிட்டார்.

மே 17

கேப்டன் பிரிட்ஜுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து காலையில சார். பெட்டிக்குள்ள ஃபியூஸே இல்ல."

"ஏப்ரல் இருபத்து மூணோட போன் கம்பெனிக்காரன் லைனைக் கட் பண்ணிட்டான். விளக்கு சும்மா மினுக்கிட்டு இருந்துச்சு, நான்தான் ஃபியூஸைப் பிடுங்கினேன். அதுக்கு முன்னாடியே முதலாளி எடுக்கறதை நிறுத்திட்டான். ஏஜெண்ட் ஆபீஸைக் காலி பண்ணிட்டான்."

"பின்ன எதுக்கு சார் தனியா நின்னு பேசினீங்க? அதுவும் கதவைத் திறந்து வச்சிக்கிட்டு?"

"கேக்கட்டும்னுதான். வாட்ச்ல இருக்கறவன் காதுல விழணும். நான் வந்து சொல்றதைவிட அவன் போய்ச் சொன்னா நம்புவாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேற என்ன செய்யச் சொல்றே? ஒண்ணும் வராதுன்னு சொன்னா அந்த ஜோமார் மறுநாளே குதிச்சுடுவான். ஏழு மைல். சுறா வேண்டாம், வெயிலே போதும்."

"தூதரகம்?"

"பின்தளத்துல செல்போன் சிக்னல் கிடைச்சப்ப எழுதியிருக்கேன். பரிசீலனையில இருக்காம்."

பிறகு கேட்டார்: "நீ ஏன்யா கால் பண்ணலே?"

"என் சீட்டு சரியில்ல சார்" என்றேன்.

மே 24

கப்பல் காற்றுக்குத் திரும்பி நிற்கும்போது பின்தளத்தில் என் போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். பேச முடியாது, மெசேஜ் போகும். செரபினாவுக்கு அனுப்பினேன்: 'சாப்பாடு நல்லாருக்கு. ஏசி போட்டுத் தூங்குதேன். அடுத்த மாசம் வந்துருவேன்.' அவள் பதில்: 'இங்கயும் எல்லாரும் சுகம். நீங்க கவலப்படாதீங்க.'

ரேஷன்: ஆளுக்கு இரண்டு வேளை கஞ்சி. மீன் பிடித்தால் மீன்.

மே 30, வெள்ளி

கேப்டன் அறிவிப்பு சொன்னார். நடுவில் நான், "படகு எந்தக் கம்பெனியோடது சார்?" என்று கேட்டேன். அவர் ஒரு பெயர் சொன்னார். கேள்வியை நேற்றே பேசி வைத்திருந்தோம்.

ஜூன் 5

இபுராகிம் பாய் நொண்டுகிறார். வலது கால் பெருவிரலில் புண். "ஒண்ணுமில்ல தம்பி, செருப்புக் கடி" என்றார். சுகர் மருந்து இருக்கிறதா என்றேன். "நெறைய இருக்கு, நீங்க உங்க ஜெனரேட்டரப் பாருங்க" என்று சிரித்தார். சரி, அவர் உடம்பு அவருக்குத் தெரியும்.

ஜூன் 10

வெயில் நாற்பத்தாறு டிகிரி. வடமேற்குக் காற்று தொடங்கிவிட்டது. தளத்தில் எல்லாமே மணல்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் பாய் கஞ்சிப் பானையோடு சமையலறையில் விழுந்துவிட்டார். அவர் அறையில் இன்சுலின் ஊசி தேடினேன். சுவர்க் காலண்டரில் மே 28-க்குப் பிறகு ஊசி போட்ட குறி ஒன்றுகூட இல்லை. காலியான இன்சுலின் பென்களைத் துண்டில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். புண் விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறியிருந்தது. நாற்றம். நான் எட்டு நாளாக அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கண் விழித்ததும் அவர் கேட்டது: "கஞ்சி கொட்டிருச்சா தம்பி?"

ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "சொல்லி? கேப்டன் என்ன செய்வார்? அவரே பாவம் ஒண்ணுமில்லாத போன்ல பேசிக்கிட்டிருக்கார்" என்றார்.

கேப்டன் கதவருகில்தான் நின்றிருந்தார். உடனே மெஸ்ஸில் எல்லோரையும் கூட்டி வைத்து உண்மையைச் சொன்னார். முதலாளி இல்லை, கிரேக்கன் இல்லை, படகு இல்லை. இரண்டு கையையும் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். ஜோமார் எழுந்து அடிப்பான் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜோமார் எழவில்லை. "எனக்கு மே மாதமே தெரியும்" என்றான். என்னைக் காட்டினான். "இந்த மனிதன் ராஜாவைக் கவிழ்த்தானே, அன்றைக்கே. காரணமில்லாமல் யாரும் அந்தக் கையைக் கவிழ்க்க மாட்டார்கள். காலையில் டீசல் வருகிறது என்றபோதும் கேப்டன் டீயைத்தான் பேசினார். பிறகு நானாக மேலே போய் ஃபியூஸைப் பார்த்தேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டார் கேப்டன்.

ஜோமார் தோளைக் குலுக்கினான். "வெள்ளிக்கிழமைகளில் நன்றாக இருந்தது."

ஜூன் 15

கேப்டன் மூன்று நாளாக வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைக் கூப்பிடுகிறார். நோயாளி இருக்கிறார், படகு வேண்டும். 'உங்கள் ஏஜெண்ட் மூலமாக வாருங்கள்.' ஏஜெண்ட் இல்லை. 'அப்படியானால் புதிய ஏஜெண்டை நியமியுங்கள்.' ஒரே ஆள், ஒரே பதில். கோபம்கூட இல்லை அவன் குரலில்.

பாய் அரை நினைவில் கீழக்கரைச் சந்துகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜோமார் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

ஜூன் 17

பகல் பதினொன்றே காலுக்கு நங்கூரச் சங்கிலி முழுவதும் ஓடிக் கடலில் போய்விட்டது. கப்பல் காற்றில் மிதந்து தென்கிழக்கே இரண்டு மைல் போயிற்று. நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் ஜெட்டிக்கு முக்கால் மைல் இருக்கும்போது இழுவைப் படகுகள் வந்து பிடித்தன. யாருக்கும் காயமில்லை. இபுராகிம் பாயைப் பன்னிரண்டே முக்காலுக்குப் படகில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நங்கூரச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் விஞ்சின் பிரேக் தேய்ந்திருந்தது. மார்ச்சிலேயே அதை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

என் உள்ளங்கையில் கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

ஜூன் 19

கரை. துறைமுக அலுவலகத்தில் விசாரணை. எல்லோரும் ஒரே அறையில், நீள மேஜை, ஏசி. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஏசியில் எனக்குக் குளிர் தாங்கவில்லை.

அதிகாரி கேட்டார்: நங்கூரம் இழுபடுகிறது என்று பதினொரு மணிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது கப்பல் நகரவே இல்லை, ரேடாரில் பதிவாகியிருக்கிறது. கால் மணி நேரம் கழித்துத்தான் நகர்கிறது. பிரேக் தானாகத் திறக்காது. யார் திறந்தது?

கேப்டன் என் பக்கம் திரும்பவில்லை. "என் உத்தரவு" என்றார். "நானே போய்த் திறந்தேன். இவர்களுக்கு எதுவும் தெரியாது." மெத்தென்ற குரல்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். "அப்படித்தானா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பர்மாக்காரர்கள், ஆமாம். ஜோமார் என்னைப் பார்த்துவிட்டு, ஆமாம். என் முறை வந்தது. கட்டுப் போட்ட என் கை மேஜைமேல் இருந்தது. நான் அதை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

ஆமாம் என்றேன்.

ஜூன் 26, தூத்துக்குடி

ஊர் வந்து சேர்ந்தேன். கேப்டனை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். துறைமுகப் பாதைக்கு வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்கியதாக வழக்காம்.

இபுராகிம் பாய் அடுத்த வாரம் கீழக்கரை திரும்புகிறார். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று அவர் மகன் போனில் சொன்னான்.

மூன்று மாதமாகச் 'சுகம்' என்று எழுதிக்கொண்டிருந்த வீட்டில் பாத்திரமெல்லாம் விற்று அலமாரி காலியாக இருக்கிறது. என் அப்பாவைப் படுக்கையில் பார்த்தேன். மே மாதம் பக்கவாதம் வந்திருக்கிறது. "நீங்க நடுக்கடல்ல இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்னுதான் சொல்லல" என்றாள் செரபினா. பேச எனக்கு ஏது வாய்?

ஜூலை 12

கை ஆறிவிட்டது. ஜோமாருக்குப் பெண் குழந்தை.

ஜூலை 30

ஹார்பரில் ஒரு ஒர்க்ஷாப்பில் தற்காலிக வேலை. காலை எட்டு முதல் ஐந்து வரை. தூக்கம் சரியில்லை. வெயில்தான்.

ஆகஸ்ட் 8

கேப்டனின் மகள் வானதி போன் செய்தாள். சென்னையில் ஆசிரியை. இதுவரை பேசியதில்லை. பதமாகத்தான் பேசினாள்.

"அங்கிள், வாரம் ஒருவாட்டி அப்பாகூடப் பேச விடறாங்க. கேஸைப் பத்திக் கேட்டா 'எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்கு, நீ சாப்டியா'ங்கறார். வக்கீல் வேற மாதிரி சொல்றாரு. கேப்டனே உத்தரவு போட்டுச் செஞ்சார்னா நாலு வருஷம் வரைக்கும் போகுமாம். அவருக்குத் தெரியாம நடந்திருந்தா வழக்கே வேறயாம். நான் அப்பாகிட்ட உங்க நம்பர் கேட்டேன். 'ரெமிக்கு ஒண்ணும் தெரியாது, அவனைத் தொந்தரவு பண்ணாதே'ன்னு மூணு தடவை சொன்னார். மூணு தடவை சொன்னதாலதான் உங்களுக்கே போன் பண்றேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு அங்கிள்?"

அப்பா சொல்வதுதான் நடந்தது என்றேன். "சரி அங்கிள். உடம்பைப் பாத்துக்குங்க" என்று வைத்தாள்.

ஆகஸ்ட் 9

ஜூன் 17-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன்.

அன்று காலை பாய்க்குப் பேச்சு நின்றுவிட்டது. கேப்டன் என்னிடம், "படகு அனுப்ப மாட்டான். ஆனா ஜெட்டிக்கு ஆபத்துன்னா ஓடி வருவான்" என்றார். வயர்லெஸ்ஸை எடுத்து, நங்கூரம் பிடிக்கவில்லை, என்ஜின் இல்லை, எண்ணெய் ஜெட்டியை நோக்கி நகர்கிறோம் என்று அறிவித்தார். வெறும் பிளஃப். கப்பல் இருந்த இடத்தில் அசையாமல் நின்றது.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அதே ஆள். 'உங்களை ரேடாரில் பார்க்கிறோம், கேப்டன். நீங்கள் நகரவில்லை. அவசர சானலைத் தவறாகப் பயன்படுத்தாதீர்கள்.'

கேப்டன் வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தார். "கால் பண்ணிட்டான்யா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. எந்த உத்தரவும் போடவில்லை.

நான் இறங்கி முன்தளத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. என் கணக்கு இது: பிரேக் சக்கரத்தைக் கையால் திறந்தால் சங்கிலி கொஞ்சம் ஓடும், காற்று கப்பலை இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளும், ரேடாரில் தெரியும். உடனே இறுக்கிவிடலாம். சொன்ன பொய்க்கு ஒரு சின்ன ஆதாரம், அவ்வளவே.

திறந்தேன். சங்கிலி இடி மாதிரி ஓடியது. துருவும் மணலும் கண்ணில் அடித்தன. முப்பது எண்ணிவிட்டு இறுக்கினேன். பிரேக் பிடிக்கவில்லை. புகை வந்தது, பிறகு நெருப்புப் பொறி. சக்கரத்தை முழுப் பலத்தோடு திருப்பினேன், உள்ளங்கைத் தோல் இரும்போடு போயிற்று. அது தேய்ந்திருக்கிறது என்று மார்ச்சில் எழுதியவன் நானேதான். அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. வந்ததா என்றும் இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி மேலே வந்து துள்ளிக் கடலுக்குள் போயிற்று. அதன்பிறகு சத்தமே இல்லை. நாங்கள் உண்மையாகவே மிதந்துகொண்டிருந்தோம்.

ஓடிவந்த ஜோமார் என் கையைப் பார்த்தான். கேப்டன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காலி விஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையைக் கழுவு. யார் கேட்டாலும் நீ என்ஜின் அறையில இருந்தே" என்றார்.

ஜெட்டியில் அன்று இரண்டு டாங்கர்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் எங்களைப் போல இருபது பேராவது இருந்திருப்பார்கள். அதைத்தான் தூக்கத்தில் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இந்தப் புத்தகத்தைச் செரபினாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டுப் புத்தகத்தை மாவுப் பாத்திரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"எழுதிக் கொடுத்தா என்ன செய்வாங்க?"

"லைசென்ஸ் போயிரும். இனி எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க."

"ஜெயிலு?"

"இங்க இருக்கிறவரைக்கும் இருக்காதுன்னு நெனக்கேன். தெரியல."

"கொடுக்கலன்னா?"

"யாருக்கும் தெரியாது. அந்த மனுசன் வாயைத் திறக்க மாட்டார்."

மாவுப் பாத்திரத்தை மூடினாள். நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் கேட்டாள்: "அந்தப் பிள்ள போன் பண்ணினப்ப நீங்க பேசினத நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு மெசேஜ் போடுவீங்களே, ஏசி போட்டுத் தூங்குதேன்னு. அதே மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு அது பொய்யின்னு அப்பவே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும்லா?"

ஆகஸ்ட் 12

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். 'கேப்டனின் உத்தரவின்றி, அவருக்குத் தெரியாமல், நானே திறந்தேன். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றுவதற்காக. பிரேக் பழுதானது எனக்கு முன்பே தெரியும்.' கடைசி வாக்கியம் தேவையில்லை என்றார் வக்கீல். இருக்கட்டும் என்றேன். ஜோமாரும் மணிலாவிலிருந்து ஒன்று அனுப்பியிருக்கிறான்.

செப்டம்பர் 20

மும்பையில் உள்ள கப்பல் துறை அலுவலகத்திலிருந்து கடிதம். என் சான்றிதழ் ரத்து. பதினெட்டு வருஷம்.

செப்டம்பர் 29

கேப்டனை விடுதலை செய்துவிட்டார்கள். பொய்யாக அவசர அறிவிப்புச் செய்ததற்கு மட்டும் தண்டனை, அதையும் இருந்த நாளிலேயே கழித்துவிட்டார்களாம். வானதியின் மெசேஜ். 'நன்றி' என்று எழுதவில்லை. 'அப்பா வந்துட்டார்' என்று மட்டும்.

அக்டோபர் 11

நாகப்பட்டினம் போய்வந்தேன். போவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் இழுத்தேன். செரபினாதான் பஸ் ஏற்றிவிட்டாள்.

கேப்டன் மெலிந்திருந்தார். லுங்கியும் பனியனும். கப்பலில் ஒருநாளும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் திட்டினார்.

"முட்டாப்பயலே. ஒருத்தன் போதாதா? எனக்கு ஒரு வருஷம்தான் பாக்கி இருந்துச்சு. உனக்கு இருபது வருஷம் இருந்துச்சேய்யா."

"அந்த விசாரணை ரூம்லயே நான் சொல்லியிருக்கணும் சார்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ளே. யாருக்கு லாபம்?" மூச்சு வாங்கியது அவருக்கு. உட்காரச் சொன்னார். வானதி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இபுராகிம் பாயைப் பற்றிக் கேட்டார். நடக்கிறார், மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். ஜோமாரின் குழந்தையைப் பற்றிக் கேட்டார். பெண் குழந்தை என்றேன்.

"ரெமி" என்றார். "அங்க நூத்து ரெண்டு நாள் இருந்தேன். உன் பேப்பர் வந்து சேர்ற வரைக்கும் தினமும் காலையில எழுந்ததும் ஒரு பயம். இன்னைக்கு நீ சொல்லிடுவியோ, உன் பொழப்புப் போயிடுமோன்னு."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஆனா வேற மாதிரி. இன்னைக்கும் அவன் சொல்லலியேன்னு இருக்கும். உன்னைத் திட்டுவேன். சத்தமாவே திட்டுவேன். பக்கத்து அறைக்காரன் சுவத்தைத் தட்டுவான்."

அவர் அழுதார், மறைக்காமல். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். வானதி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் உடனே எழவில்லை.